பங்குனியில் காயும் எர்த் குழி

வைகையில் மணல் தெரிய ஆரம்பிக்கிற வாரங்களில்தான் வீட்டுச் சுவரோரம் புதைத்த எர்த் பைப்பைச் சுற்றியுள்ள மண்ணும் காய ஆரம்பிக்கிறது. ஆறு காய்வதைப் பாலத்தில் போகும்போதே பார்த்துவிடுகிறோம். குழி காய்வது யார் கண்ணிலும் படுவதில்லை. பஞ்சாங்கத்தில் இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. மதுரையில் அதற்குள் பாதி வெயிலைப் பார்த்தாயிற்று: மாசி முடிவதற்குள் ஃபேன் ஐந்தாம் நம்பருக்குப் போய்விடும், பங்குனியில் ஏர்கூலர் பரணிலிருந்து இறங்கும், ஏசி மெக்கானிக் போனை எடுக்கமாட்டார். வீட்டில் கரண்ட் அதிகமாக ஓடும் மாதங்களும், கரண்ட் கசிந்தால் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய மண் சோர்ந்து கிடக்கும் மாதங்களும் இங்கே ஒன்றுதான். வீட்டு மின்சாரத்தில் ஜாக்கிரதை என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்தப் பொருத்தத்தைக் கவனிப்பதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏர்கூலர் மோட்டாரின் ஃபேஸ் ஒயர் உரிந்து இரும்பு பாடியில் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாடியிலிருந்து எர்த் ஒயர், அங்கிருந்து குழியில் இருக்கும் பைப், பைப்பிலிருந்து மண், மண் வழியாகத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் எர்த். கரண்ட் திரும்பிப் போகிற பாதை இது. பாதை முழுவதும் சேர்ந்து 5 ஓம் ரெசிஸ்டன்ஸ் (கரண்டுக்கு வரும் தடை) இருந்தால் 230 வோல்ட்டுக்கு 46 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே லைனை அறுக்கும் சுவிட்ச், ஒரு நிமிஷத்துக்குள் விழுந்துவிடும். அதே பாதை காய்ந்துபோய் 40 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது 5.75 ஆம்பியர்தான். எம்சிபி அதை ஒரு இஸ்திரிப் பெட்டி ஓடுவதாக நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். ஏர்கூலர் பாடியில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் நிற்கும். மீட்டரில் மணிக்கு 1.3 யூனிட் வீணாக ஓடும். பில் ஏறியதைப் பார்த்துக் கண்டுபிடித்த வீடுகளும் உண்டு. எர்த் போட்டிருந்த வீட்டிலேயே ஷாக் அடித்தது என்று செய்தி வரும்போது பலர் நம்பமறுப்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது.

மண்ணில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குமேல் இருக்கும்வரை ரெசிஸ்டன்ஸ் பெரிதாக மாறாது. அதற்குக் கீழே இறங்கினால் சரசரவென்று ஏறும். மேலூர்ப் பக்கம் நாலடி தோண்டினாலே பாறை, ஈரம் நிற்க இடமே இல்லை. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் வேறு தொல்லை: மழைக்காலத்தில் அருமையான எர்த் கொடுக்கிற அந்த மண், வெயிலில் சுருங்கிப் பிளந்து பைப்பை விட்டு விலகிவிடும். மண்ணுக்கும் இரும்புக்கும் நடுவே காற்று நிற்கிறது. நகரத்துக்குள் இன்னும் மோசம். வாசல் முதல் கொல்லை வரை டைல்ஸ் ஒட்டிய வீட்டில் எந்த மழையும் குழிக்குள் இறங்குவதில்லை.

வழக்கமான குழி இப்படி இருக்கும்: 40 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், இரண்டரை மீட்டர் நீளம், உடம்பெல்லாம் ஓட்டை. சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கு. மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல், அதற்குமேல் திறக்கக்கூடிய மூடி. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. நடைமுறையில் பாதி வீடுகளில் மூடியின்மேல் சிமெண்ட் பூசியாகிவிட்டது, புனல் எங்கே என்று கேட்டால் கட்டிய கொத்தனாருக்கே ஞாபகம் இருக்காது. முதல் வேலை அதைத் தேடித் திறப்பது. பைப்பின் தலையில் எர்த் கம்பியை முடுக்கிய போல்ட் துருப்பிடித்துப் பொடியாகியிருந்தால் கீழே எவ்வளவு ஈரம் இருந்தும் பிரயோஜனம் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது போல்ட்டும் வாஷரும் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். வேலை முடியும்வரை மெயின் ஆஃபில் இருக்கட்டும். எங்கோ கசிவு இருந்தால், கழற்றிய எர்த் கம்பியிலேயே ஷாக் அடிக்கும். அப்புறம் மாசியிலிருந்து ஆடி வரை வாரம் இரண்டு மூன்று குடம் தண்ணீர். குடிதண்ணீரைக் கொட்ட மனசு வராத வீட்டில் ஆர்ஓ மெஷின் தள்ளும் உப்புத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றலாம். அதில் உப்பு கூடுதல் என்பதால் இந்த வேலைக்கு இன்னும் நல்லது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரின் டியூபைக் குழிக்குள் விட்டுவிடுவது அதைவிடக் கெட்டிக்காரத்தனம், யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உப்பை மூட்டையாகக் கொட்டுவதை மட்டும் நாங்கள் ஆதரிப்பதில்லை. கொட்டிய வருஷம் எர்த் பிரமாதமாக இருக்கும், சில வருஷத்தில் பைப்பே அரித்துப்போகும். பாறை மண்ணில் ஒரு குழி போதாது என்றால் இரண்டாவது குழியை ஐந்து மீட்டராவது தள்ளிப் போட்டு இரண்டையும் இணைப்பதே வழி. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

எர்த் சரியா என்று கேட்டால் நம்மூர் எலக்ட்ரீஷியன் ஒரு 100 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைப்பார். பல்பு பளிச்சென்று எரியும். "பாத்தீங்களாண்ணே, எர்த் சும்மா கும்முனு இருக்கு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சோதனையால் அதைச் சொல்ல முடியாது. 100 வாட் பல்பின் ரெசிஸ்டன்ஸே 529 ஓம். எர்த்தில் 50 ஓம் இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பல்பு எரியவில்லை என்றால் எர்த் இல்லை என்பது நிச்சயம். எரிகிறது என்றால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நிஜமான அளவு எர்த் மெக்கர் என்ற கருவியில்தான் தெரியும். இரண்டு சின்னக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி மண்ணில் அடித்து அளப்பார்கள். 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி. அளப்பதானால் சித்திரையில் அளக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு அடுத்த நாள் அளந்து வாங்கிய நம்பரை நம்பி அடுத்த கோடையைத் தாண்ட முடியாது.

எர்த்தில் இரண்டு ஏமாற்று வேலைகளைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று பழைய பழக்கம், தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவது. இரும்புக் குழாய் இருந்த காலத்தில் அது ஓரளவு வேலை செய்தது. இன்றைக்குத் தெருவிலிருந்து வீடு வரை பிளாஸ்டிக் குழாய், போர்வெல் கேசிங்கும் பிவிசி. குழாயில் கட்டினால் மண்ணுக்குப் போகவேண்டிய கரண்ட் குளியலறைக் குழாய்த் திருகில் வந்து நிற்கும். இரண்டாவது, எர்த் ஒயரே இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு சின்னத் துண்டு ஒயரால் சேர்த்துவிடுவது. டெஸ்ட் பல்பு இதிலும் அழகாக எரியும். எங்காவது நியூட்ரல் அறுந்தது என்றால், அந்த நிமிஷமே ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றின் பாடியிலும் 230 வோல்ட். எர்த்தே இல்லாமல் இருப்பதைவிட இது கேடு.

ஃப்ரிட்ஜைத் தொட்டால் "லேசா சுர்ருங்குது, பெருசா ஒண்ணுமில்ல" என்று பல வீடுகளில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் மாதிரி எலக்ட்ரானிக் ஃபில்டர் உள்ள சாமான்களில் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குப் போவது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் விரலில் சுர்ரென்கிறது. அந்தச் சுர்ரால் ஆள் சாகப்போவதில்லை. ஆனால் அந்த சாக்கெட்டில் எர்த் செத்துவிட்டது என்று அது சொல்கிறது. நாளைக்கு நிஜமான கசிவு வந்தாலும் அதே சாக்கெட்தான்.

எவ்வளவு குடம் ஊற்றினாலும் காய்ந்த மண்ணை முழுசாக நம்ப முடியாது. அதற்குத்தான் ஆர்சிசிபி. நம்மூர்க் கடைகளில் இன்னும் ஈஎல்சிபி என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்பதை மட்டும் பார்க்கிற பெட்டி இது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள்ளும், 150 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.04 விநாடிக்குள்ளும் லைனை அறுத்துவிடும். மேலே பார்த்த 40 ஓம் எர்த்தில் 5.75 ஆம்பியர் கசிந்ததே, அதைப் பார்த்து எம்சிபி அசையவில்லை; ஆர்சிசிபி யாரும் ஏர்கூலரைத் தொடுவதற்கு முன்பே விழுந்திருக்கும். ஆயிரம் ஓம் தாண்டிய மட்டமான எர்த்திலும் அது வேலை செய்யும். இந்த ஊர் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது. விலையும் ஒரு நல்ல மிக்ஸியைவிடக் குறைவுதான்.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 100, 300 என்று வருபவை தீவிபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றாது. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுக்கும் 'டூ போல்', த்ரீ ஃபேஸுக்கு மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் அறுக்கும் 'ஃபோர் போல்'. ஓவர்லோடை இது கவனிக்காது, எம்சிபி தனியாக இருந்தே ஆக வேண்டும். ஒரு கையில் ஃபேஸும் மறுகையில் நியூட்ரலும் பிடித்தவரை இது காப்பாற்றாது. போகிறதும் வருகிறதும் சரியாக இருப்பதால் அவரை ஒரு பல்பு என்றே நினைக்கும். ஆர்சிசிபி இருக்கிறது, இனி எர்த் வேண்டாம் என்றும் முடிவுகட்டக் கூடாது. எர்த் இருந்தால் கசிவு தொடங்கியதும் விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் இறங்கும்வரை காத்திருக்கும். டி என்று எழுதிய பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும். அந்தப் பொத்தான் பெட்டியைத்தான் சோதிக்கிறது, எர்த்தைச் சோதிப்பதில்லை.

ஆர்சிசிபியைப் பிடிக்காத எலக்ட்ரீஷியன்கள் நிறைய. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று வீட்டுக்காரர் கூப்பிட்டதும் இரண்டு ஒயரை நேராகச் சேர்த்துப் பெட்டியை பைபாஸ் செய்துவிடுவார்கள். வீட்டுக்காரரும் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். டிரிப் ஆவதற்குக் காரணத்தைத் தேட அரைமணி நேரம் போதும். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்ற, எதில் விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. அந்த லைனில் இருக்கும் பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி. பெரும்பாலும் சிக்குபவை வெளிக்கேட் விளக்கு, ஏர்கூலர் பம்ப், சம்ப் மோட்டாரின் ஒயர் ஜாயிண்ட், கீசர் காயில், ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டர். எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. வீட்டு எம்சிபிகள் ஃபேஸை மட்டுமே அறுப்பவை, நியூட்ரல் சேர்ந்தே கிடக்கும். அப்போது நியூட்ரல் பாரில் ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்ப்பது எலக்ட்ரீஷியனின் வேலை. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் முதல் சந்தேகம் அதன்மேல்தான். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் ஈபி நியூட்ரலையும் சுவிட்ச் பெட்டிக்குள் எங்காவது கலந்துவிட்டால் கணக்கு உதைத்துக்கொண்டே இருக்கும். நியூட்ரலைப் பிரித்தால் தொல்லை தீர்ந்தது.

இன்வெர்ட்டர் பேச்சு வந்ததால் இதையும்: மெயினை இறக்கிவிட்டேன், லைனில் கரண்ட் இல்லை என்று ஃபேனைக் கழற்ற ஏறுகிறவர்கள் இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறார்கள். கழற்றும் முன் அதையும் ஆஃப் செய்து டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை முதலில் கரண்ட் இருக்கும் ஒரு சாக்கெட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரணிலிருந்து இறங்கிய ஏர்கூலருக்கு வருவோம். எட்டு மாதம் பரணில் இருந்தது என்றால் எலிகளும் அதனுடன் இருந்தன என்று அர்த்தம். பிளக்கைச் செருகுவதற்கு முன் ஒயரை முனை முதல் முனை வரை விரலால் உருவிப் பார்க்க வேண்டும், பம்ப்புக்குப் போகிற மெல்லிய ஒயர் உட்பட. கடித்த இடத்தில் டேப் சுற்றக் கூடாது, ஒயரையே மாற்ற வேண்டும். மூன்று கோர் ஒயராக. இரண்டு கோர் ஒயர் போட்டிருந்தால் பாடிக்கு எர்த்தே போகவில்லை. கடையில் கொடுத்து 500 வோல்ட் மெக்கரால் (இது இன்சுலேஷனை அளக்கும் கருவி, எர்த் மெக்கர் வேறு) அளக்கச் சொல்லுங்கள், ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அதை ஓட்டவே கூடாது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகினால் மேலே சொன்ன அத்தனையும் வீண். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, ஏனென்றால் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருக்கும் வீடுகள் ஏராளம். ராத்திரித் தூக்கக் கலக்கத்தில், வெறுங்காலில், ஓடுகிற ஏர்கூலரில் வாளியால் தண்ணீர் ஊற்றும்போதுதான் விபத்து. நனைந்த உடம்பின் ரெசிஸ்டன்ஸ் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும், 230 மில்லி ஆம்பியர் ஓட அது போதும். இதயத்தைத் தடுமாற வைக்க அதில் ஒரு சிறு பங்கே அதிகம். பாடி பிளாஸ்டிக் என்றாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் வழியாகக் கரண்ட் வரலாம்.

ஏசியில் ஷாக் பயம் குறைவு, சூட்டுப் பயம் அதிகம். ஒன்றரை டன் ஏசி ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். அது மணிக்கணக்காக ஓடும் என்பதுதான் விஷயம். பெட்டியிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி 20 ஆம்பியர் எம்சிபி, வேறு எதுவும் அதில் சேரக் கூடாது. ஏசி போட்டால் டிரிப் ஆகிறது என்று 16-ஐக் கழற்றி 32 போடச் சொல்பவர்களிடம் சொல்ல வேண்டியது: எம்சிபி சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காக்க வந்தது, ஏசியை அல்ல. இந்த ஊரில் ஒயருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. மேல்தளத்துக்குள் ஓடும் பைப்பில் மத்தியான வெயில் நேராக இறங்குகிறது. சாதாரண பிவிசி ஒயர் 30 டிகிரியில் தாங்குகிற கரண்டில் 50 டிகிரியில் நூற்றுக்கு 71 பங்குதான் தாங்கும். மாசி வீதிகளின் பழைய வீடுகளில் ரீப்பர் கட்டையில் ஓடும் ஒயரிங்கிலும், ஒரு காலத்தில் மலிவென்று போட்ட அலுமினிய ஒயரிலும் ஏசியையும் கீசரையும் ஏற்றவே கூடாது. அலுமினியத்தையும் செம்பையும் முறுக்கிச் சேர்த்த ஜாயிண்ட் வருஷத்துக்கு வருஷம் தளரும்.

தளர்ந்த இடம் என்ன செய்யும்? பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தால், 7 ஆம்பியரில் அங்கே 24 வாட்டுக்குமேல் சூடு பிறக்கும். டிவி மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை ராத்திரி முழுக்க உங்கள் சாக்கெட்டுக்குள் செருகி வைத்த மாதிரி. எம்சிபிக்கோ ஆர்சிசிபிக்கோ இது தெரியவே தெரியாது, கரண்ட் கூடவுமில்லை, கசியவுமில்லை. மூக்குக்குத்தான் தெரியும்: பிளாஸ்டிக் கருகும், மீன் வாடை மாதிரி ஒரு நெடி. ஏசி ஒரு மணி நேரம் ஓடியதும் அணைத்து, பிடுங்கி, பிளக்கின் முகத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு, அல்லது பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறம் என்றால் பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். ஃப்ரிட்ஜையும் இஸ்திரிப் பெட்டியையும் ஏர்கூலரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கவிடுவதற்கும் இதே கதைதான்.

போர்வெல்லில் தண்ணீர் கீழே போகும்போது மோட்டார் வெறுமனே சுற்றிச் சூடாகிறது, காயிலின் இன்சுலேஷன் போகிறது. சம்ப் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி இரும்பாக இருந்தால் அதற்குத் தனி எர்த் கம்பி வேண்டும், பெட்டிக்கு முன்னால் ஒரு ரப்பர் மேட்டும். பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சர் ஆஃப் செய்த பிறகும் கொஞ்ச நேரம் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும், திறந்து விரலை விட வேண்டாம். தொட்டி கழுவ இறங்குகிறவர் கையில் ஒயரில் தொங்கும் பல்பு வேண்டவே வேண்டாம், பேட்டரி டார்ச் போதும். இறங்குமுன் மெயினை இறக்கி, மோட்டாரின் பிளக்கையும் பிடுங்கி எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் போட வேண்டும்.

இனி வீட்டுக்கு வெளியே. தமிழ்நாட்டில் ஷாக் அடித்து இறந்தவர்களைப் பற்றிய செய்திகளில் துணி காயப்போட்ட கொடிக் கம்பி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை ஈபி சர்வீஸ் பைப்பில். போஸ்ட்டிலிருந்து வருகிற சர்வீஸ் ஒயர் அந்தப் பைப்பின் வாயில் காற்றில் உரசி உரசி உரிகிறது, பைப்பில் கரண்ட் ஏறுகிறது, கம்பி வழியாக ஈரச் சேலைக்கு வருகிறது. உதவிக்கு ஓடிவந்தவரும் அதையே தொடுகிறார். இதற்குத் தீர்வு முப்பது ரூபாய் நைலான் கயிறு. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்யத் தோன்றினால் அந்த இரும்புக் கம்பியை இன்று சாயங்காலம் அறுத்து எறியுங்கள்; அறுக்கும் முன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு. மாட்டையும் ஆட்டையும் ஈபி போஸ்ட்டின் ஸ்டே கம்பியில் (போஸ்ட் சாயாமல் தரைக்கு இழுத்துக் கட்டிய கம்பி) கட்டுவதும் இந்த வகைதான். சர்வீஸ் ஒயர் முருங்கைக் கிளையில் உரசுகிறதா, தகரக் கூரையில் படுத்திருக்கிறதா என்று வாசலில் நின்றே பார்த்துவிடலாம். தகரத்தில் பட்டால் கூரை முழுவதும், கூரை தாங்கும் இரும்புக் கால் முழுவதும் கரண்ட்.

புழுக்கத்தில் மொட்டை மாடியில் படுப்பது இந்த ஊரின் சுகங்களில் ஒன்று, அதைக் கெடுக்க விருப்பமில்லை. கீழேயிருந்து படிவழியாக இழுத்த ஒயரில் டேபிள் ஃபேன் ஓடும். நடுராத்திரி நாலு தூறல் விழுந்ததும் பாயைத்தான் முதலில் சுருட்டுவார்கள். ஒயரை முதலில் கீழே பிடுங்க வேண்டும், அப்புறம் பாய். மாடிக்கு அருகே லைன் போகிறதென்றால் விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி இது: வீட்டு லைனானால் தலைக்கு மேலே இரண்டரை மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். 11,000 வோல்ட் லைனானால் மேலே 3.7 மீட்டர், பக்கத்தில் 1.2 மீட்டர். லைனுக்குக் கீழே மாடி எழுப்பியவர் லைனைக் குற்றம் சொல்ல முடியாது. நத்தம், அழகர்கோவில் பக்கம் மாங்காய் பறிக்கும் மாதங்களும் இவையே. அலுமினியக் குழாயில் கட்டிய தொரட்டி இப்போது கடைகளில் கிடைக்கிறது, லேசாக இருக்கிறதென்று வாங்குகிறார்கள். மூங்கில் தொரட்டியே நல்லது, அதுவும் காய்ந்த மூங்கில். 11,000 வோல்ட் லைனுக்கு அருகில் மூங்கிலும் வேண்டாம்.

பங்குனிப் பொங்கல், முளைப்பாரி, சித்திரைத் திருவிழா என்று வரிசையாக வருவதால் வீட்டு வாசலுக்கும் சீரியல் செட் வந்துவிடும். மெல்லிய ஒயர், ஊருக்கு ஊர் அவிழ்த்துக் கட்டி உரிந்தது. அதை இரும்பு கேட்டிலும் கிரில்லிலும் சுற்றக் கூடாது. அழகர் வரும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் அதிகம்: இரும்புக் கால் நட்ட பந்தல், தரையெல்லாம் தண்ணீரும் மோரும், வெறுங்காலில் கூட்டம். பக்கத்து வீட்டிலிருந்து கேட்டு வாங்கும் லைன் ஆர்சிசிபிக்குப் பின்னால் இருந்து வர வேண்டும், போஸ்ட்டில் கொக்கி போட்டு எடுத்த லைனில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒயர் ஜாயிண்ட் எதுவும் தலைக்குக் கீழே தொங்கக் கூடாது. தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தேர் அலங்காரம் மேலே போன உயர் அழுத்த லைனில் பட்டு 11 பேர் இறந்தார்கள். சப்பரம் இழுக்கிற சின்னத் தெருவிலும் புறப்படுவதற்கு முன் சப்பரத்தின் உயரத்தையும் லைனின் உயரத்தையும் பார்த்துவிட்டு, மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தச் சொல்வது விழாக் கமிட்டியின் வேலை.

சித்திரை மாலைகளில் திடீரென்று கறுத்து, காற்றும் இடியுமாக வருகிற மழை காய்ந்த குழிக்கு நல்லது, லைனுக்குக் கெட்டது. இடிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே டிவி, கேபிள், மோடம் பிளக்குகளைப் பிடுங்கிவிட வேண்டும். தலைக்குமேல் இடிக்கும்போது அவற்றைத் தொடப் போக வேண்டாம். காற்றில் தெரு லைனின் நியூட்ரல் மட்டும் அறுந்தால் வேறு வகை ஆபத்து. சில வீடுகளில் பல்பு மங்கும், சில வீடுகளில் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரியும், ஃபேன் பேய்மாதிரி சுற்றும். பிரகாசமான வீட்டில் வோல்டேஜ் 400 வரை ஏறிக்கொண்டிருக்கிறது. ஸ்டெபிலைசரைப் பார்க்கப் போகாமல் ஓடிப்போய் மெயினை இறக்குங்கள்.

தெருவில் ஒயர் அறுந்து கிடந்தால் பத்து மீட்டர் தள்ளி நின்று மற்றவரையும் நிறுத்த வேண்டும். தீப்பொறி வராததால் செத்த ஒயர் என்று நினைக்க முடியாது, சப்ஸ்டேஷனிலிருந்து எந்த நிமிஷமும் லைன் கொடுப்பார்கள். ஏற்கனவே அருகில் போய்விட்டவர், தரையில் கால்களுக்கு நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருப்பதால், பாதங்களைச் சேர்த்து வைத்துத் தரையில் தேய்த்தபடியே நகர வேண்டும், எட்டு வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

ஒருவருக்கு ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தால் மெயினை இறக்குவதே முதல் வேலை. அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெயின் எட்டாவிட்டால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடலாம். வீட்டு லைனுக்கு மட்டும்தான் இது, 11,000 வோல்ட்டுக்குப் பொருந்தாது. லைன் அறுந்த பிறகு உடம்பில் கரண்ட் தங்கியிருக்கும் என்று பயந்து தொடாமல் நிற்பவர்கள் உண்டு. எதுவும் தங்காது, தொடலாம். மூச்சில்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, தரையில் மல்லாத்தி, நெஞ்சுக்கு நடுவே இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து ஆறு சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது, கை சோர்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளலாம். எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரியில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது, இதயத் துடிப்பு பிறகும் தடுமாறலாம்.

ஷாக் அடித்த சாமானை ஓரமாக நகர்த்தி வைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கி வெளியே எடுத்து, ஒயரை நறுக்கி, பிளக்கைத் தனியே எடுத்துவிடுங்கள். விவரம் தெரியாமல் திருவிழாவுக்கு ஊரிலிருந்து வந்த அத்தை, மத்தியானம் புழுக்கம் தாங்காமல் அதே ஏர்கூலரைத் தேடிப் போட்டுக்கொள்வார்.